நண்பன் வீட்டுச் சுவரில் காது

நட்பு நாடுகளை ஓர் அரசு உளவு பார்க்கலாமா என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் முகத்தில் உடனே ஒரு புன்னகை வந்துவிடுகிறது. "எல்லோரும்தானே செய்கிறார்கள்" என்கிறார்கள். அத்தோடு பேச்சு முடிந்துபோகிறது. எனக்கு அந்தப் புன்னகை பிடிப்பதில்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். செய்யலாமா என்றுதானே கேட்டேன்?

நான் ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர். நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் பேச்சுவார்த்தைகளில் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கத்துக்கும் சொல்வது என் பிழைப்பு. அதனால் 2013 அக்டோபரில், ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக, அதாவது சான்சலராக, அப்போது இருந்த அங்கேலா மெர்க்கலின் கைபேசியை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை குறிவைத்திருந்தது என்று 'டெர் ஷ்பீகல்' செய்தி வெளியிட்டபோது, ஜெர்மன் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படித்தேன். குறிவைக்கப்பட்டது அரசு கொடுத்த பாதுகாப்பான தொலைபேசி அல்ல, கட்சி வேலைக்காக அவர் வைத்திருந்த கைபேசி. அந்த எண் 2002இலேயே பட்டியலில் ஏறிவிட்டது என்று சொல்லப்பட்டது. மெர்க்கல் சான்சலர் ஆனதோ 2005 நவம்பரில்தான்.

என்னை முதலில் உறுத்தியது இந்த ஆண்டுக் கணக்குதான். ஒரு கட்சித் தலைவரின் எண்ணைச் சேர்த்தார்கள். அவர் நாட்டின் தலைவரானார். ஆப்கானிஸ்தானில் இரண்டு நாட்டுப் படைகளும் ஒரே பக்கம் நின்றன. எண் மட்டும் பட்டியலில் அப்படியே இருந்தது. யாரோ உட்கார்ந்து ஆதாயம் இவ்வளவு, ஆபத்து இவ்வளவு என்று எடைபோட்டு எடுத்த முடிவு மாதிரியே இது தெரியவில்லை. செய்ய முடிந்தது, செய்தார்கள். நிறுத்தச் சொல்ல ஆளில்லை, தொடர்ந்தார்கள். பெர்லின் பிராண்டன்பர்க் வாயிலை ஒட்டி நிற்கும் அமெரிக்கத் தூதரகத்தின் கூரையிலிருந்தே ஒட்டுக்கேட்பு நடந்தது என்றும் அதே இதழ் எழுதியது. சான்சலர் அலுவலகத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

மெர்க்கல் ஒபாமாவைத் தொலைபேசியில் அழைத்தார். "இப்போது ஒட்டுக்கேட்கவில்லை, இனியும் ஒட்டுக்கேட்க மாட்டோம்" என்றது வெள்ளை மாளிகை. இதுவரை ஒட்டுக்கேட்டார்களா என்பது பற்றி வாயே திறக்கவில்லை. நண்பர்களுக்குள் உளவு என்பது கூடவே கூடாது என்று பிரஸ்ஸல்ஸில் மெர்க்கல் சொன்னார். ஜெர்மனியின் தலைமை அரசு வழக்கறிஞர் 2014 ஜூனில் விசாரணை தொடங்கினார். நீதிமன்றத்தில் நிற்கும் ஆதாரம் இல்லை என்று ஓராண்டில் கோப்பை மூடினார். அதற்குள் அடுத்த குட்டு உடைந்தது. ஜெர்மனியின் சொந்த வெளியுளவுத் துறையே ஐரோப்பிய நண்பர்களை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்ததும், அமெரிக்காவுக்கு அந்த வேலையில் கைகொடுத்ததும் 2015இல் அம்பலமாயின. 2017இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் வந்த மெர்க்கல், தன் ஆட்கள் செய்தது அப்போது தனக்குத் தெரியாது என்றார்.

"பார்த்தீர்களா, ஊருக்கு உபதேசம்" என்று பலரும் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார்கள். எனக்கு அவர் சொன்ன பதிலே போதுமானதாக இருந்தது. ஒரு நாட்டின் பெயரால் நண்பர்களை ஒட்டுக்கேட்கிறார்கள், அந்த நாட்டின் தலைவருக்கே அது தெரியாது! பொய் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும் மோசம், உண்மை சொன்னார் என்றால் அதைவிட மோசம்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு ஆர்வம் வரக் காரணம் என் தொழில். கூட்டு முயற்சியில் பாதிப் பாதிப் பங்கு வைத்திருந்த இரண்டு நிறுவனங்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்காகப் பேசின. நான் ஒரு தரப்பு அமர்த்திய ஆள். தேநீர் இடைவேளையில் ஜெர்மானியர்கள் இருவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, எந்த விலை வரை இறங்கலாம், தலைமையகம் எதற்குச் சம்மதிக்காது என்றெல்லாம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் இருக்கும்போதுதான் காது உள்ளவர், எழுந்துவிட்டால் மேசை விளக்கு போல ஆகிவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் உள்ளே போனதும் எங்கள் தரப்பு மேலாளர் என்னிடம் வந்தார்.

"என்ன மேடம் பேசிக்கொண்டார்கள்?"

"மேசையில் பேசியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் சார்."

"அது தெரியும். இப்போது இங்கே நின்று பேசினார்களே, அது."

"அதற்கு என்னை நீங்கள் அமர்த்தவில்லையே சார்."

அவர் கெட்டவர் அல்லர். குரலைக்கூட உயர்த்தவில்லை. "நாம் கேட்காவிட்டால் அவர்கள் கேட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சுற்றுக்கு என்னைக் கூப்பிடவில்லை, வேறு ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. எதிர்த்தரப்பு மனதில் வைத்திருந்த அடிவிலையை மேலாளர் அப்படியே கேட்டு, அதிலேயே முடித்தும்விட்டார். அன்றைக்கு அது பெரிய வெற்றி. அதன் பிறகு நடந்ததைப் பின்னால் அங்கு வேலை செய்த நண்பர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஜெர்மானியர்கள் எதையும் கேட்கவில்லை, யார்மீதும் பழி சொல்லவில்லை. அடுத்த முறை தங்கள் மொழிபெயர்ப்பாளரைத் தாங்களே கூட்டிக்கொண்டு வந்தார்கள். இடைவேளையில் அறையை விட்டுக் கும்பலாக வெளியேறினார்கள். முன்பு கைகுலுக்கிவிட்டுப் போகிறபோக்கில் முடிந்த சின்ன விஷயங்களுக்கெல்லாம் எழுத்தில் உத்தரவாதம் கேட்கத் தொடங்கினார்கள்.

நாடுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தொகைதான் பெரியது. 1921 நவம்பரில் வாஷிங்டனில் கடற்படை மாநாடு கூடியது. முதல் உலகப் போரில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானும் ஒரே அணியில் இருந்தவை. இனி யார் எவ்வளவு பெரிய போர்க்கப்பல் படை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் பேச்சு. அமெரிக்காவுக்கு 10 என்றால் தனக்கு 7 வேண்டும் என்றது ஜப்பான். ஹெர்பர்ட் யார்ட்லி என்பவர் நடத்திய சிறிய அமெரிக்க அலுவலகம் டோக்கியோவின் சங்கேதத் தந்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை என்றால் 6 வரை இறங்கலாம் என்று ஜப்பானியத் தூதுக்குழுவுக்கு உத்தரவு வந்தது. அமெரிக்கா பிடித்த பிடியை விடவில்லை. 6இல் முடிந்தது. 1929இல் வெளியுறவு அமைச்சரான ஹென்றி ஸ்டிம்சன் அந்த அலுவலகத்துக்குப் பணம் தருவதை நிறுத்தினார். கனவான்கள் ஒருவர் கடிதத்தை இன்னொருவர் படிப்பதில்லை என்பது அவர் பெயரில் நிலைத்துவிட்ட வாசகம். வேலை போன யார்ட்லி 1931இல் எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார், ஜப்பானில் பெரும் கொந்தளிப்பு. இதே ஸ்டிம்சன் இரண்டாம் உலகப் போரில் போர்த்துறை அமைச்சராக இருந்தபோது, உடைத்துப் படிக்கப்பட்ட ஜப்பானியச் செய்திகள் அவர் மேசைக்கு நாள்தோறும் வந்தன. அதை வைத்து அவரை இரட்டை வேடதாரி என்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். மோதலுக்கு நிற்கும் நாட்டின் தந்தியைப் படிப்பதும், கூடப் போரிட்டவனோடு பேரம் பேச உட்கார்ந்துவிட்டு அவன் சட்டைப்பையைத் துழாவுவதும் ஒன்றாகா.

என் கட்சி இதுதான். நண்பனை ஒட்டுக்கேட்கலாமா என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. எதற்காக ஒட்டுக்கேட்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பேரத்தில் ஜெயிக்க என்றால், அதற்கு ஏமாற்று என்றுதான் பெயர்.

சரி, வேறு காரணத்துக்காக என்றால்? இங்கே எனக்கு எதிராகப் பேசுபவர்களிடம் நல்ல சரக்கு இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. தைவானை எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் தூதரக உறவை முறித்துக்கொண்ட பிறகும் ஆயுதம் கொடுத்து அந்தத் தீவுக்குக் காவலாக நின்றது அமெரிக்காதான். அங்கே அணுசக்தி ஆய்வு நிலையத்தின் துணை இயக்குநராக இருந்த சாங் சியென் யி என்ற விஞ்ஞானி, சிஐஏவுக்குத் தகவல் கொடுத்துவந்தார். தைவான் ரகசியமாக அணுகுண்டு செய்யும் பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1988 ஜனவரியில் அவரையும் குடும்பத்தையும் சத்தமில்லாமல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதே மாதம் அதிபர் சியாங் சிங் குவோ இறந்தார். ஆட்சி கைமாறிய சூட்டோடு அமெரிக்கா நெருக்கியதில் திட்டம் இழுத்து மூடப்பட்டது. அங்கே ஒரு குண்டு உருவாகியிருந்தால் சீனா கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்குமா? தைவானில் அவரைத் துரோகி என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த உளவு நடந்திருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நேரில் கேட்டால் போதாதா என்றால், போதவில்லை என்பதற்கு இஸ்ரேலின் டிமோனா அணு உலை இருக்கிறது. 1960களில் அமெரிக்க ஆய்வாளர்கள் முறைப்படி சொல்லிவிட்டு, கதவைத் தட்டி உள்ளே போனார்கள். நிலத்தடித் தளங்கள் அவர்கள் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டன. அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு 1956இல் கிடைத்த பாடமும் இந்த ரகம். பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் பாரிஸை ஒட்டிய செவ்ரில் ரகசியமாகக் கூடி, எகிப்தின் சூயஸைத் தாக்கத் திட்டம் போட்டன. அமெரிக்காவிடம் மூச்சு விடவில்லை. இஸ்ரேலுக்கு எத்தனை போர் விமானம் கொடுத்தோம் என்று பிரான்ஸ் சொன்ன கணக்குக்கும், அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் மேலிருந்து எடுத்த படத்தில் நின்ற விமானங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. தன் பெரிய கூட்டாளிகள் இருவர் தன்னிடமே மறைத்து ஒரு போரைத் தொடங்கப்போகிறார்கள் என்றால், அதைத் தெரிந்துகொள்ள ஒரு தலைவர் முயல்வதை நான் எப்படிக் குறை சொல்வது?

ஆக, கூட்டாளி மறைவாக ஒரு பேராபத்தைக் கிளப்பப்போகிறான் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், முகத்தைச் சுளித்துக்கொண்டே சம்மதிப்பேன். மெர்க்கலின் கைபேசியில் என்ன அணுகுண்டு இருந்தது?

உளவு பார்க்கும் நாடுகளே, தாங்கள் பார்க்கப்படும்போது 'நண்பன்தானே' என்று விட்டுவிடுவதில்லை. ஜொனாதன் பொல்லார்டு அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவில் வேலை பார்த்த சிவிலியன். இஸ்ரேலுக்குக் கட்டுக்கட்டாக ஆவணம் கொடுத்தார். 1985 நவம்பரில் வாஷிங்டனில் உள்ள இஸ்ரேல் தூதரகத்துக்குள் அடைக்கலம் தேடிப் போய், வெளியே தள்ளப்பட்டுப் பிடிபட்டார். எதிரிக்கா கொடுத்தேன், நட்பு நாட்டுக்குத்தானே கொடுத்தேன் என்ற வாதம் எடுபடவில்லை. ஆயுள் தண்டனை. 30 ஆண்டு கழித்து 2015இல்தான் வெளியே வந்தார். 2020 டிசம்பரில் அவர் இஸ்ரேலில் போய் இறங்கியபோது விமான நிலையத்துக்கே வந்து வரவேற்றவர் பிரதமர் நெதன்யாகு. தங்கள் ஆள் அவர் என்பதைப் பல ஆண்டுகள் ஒப்புக்கொள்ளாமல், 1998இல்தான் ஒப்புக்கொண்ட நாடு அது.

இடையில் 'கிரிப்டோ ஏஜி' கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நட்பு என்பதே ஒரு விற்பனைத் தந்திரமாக இருந்தது. சங்கேதக் கருவிகள் செய்து விற்ற சுவிஸ் நிறுவனம். சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு, நம்பி வாங்கலாம் என்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் பல பத்தாண்டுகளில் வாங்கின. 1970 முதல் அதன் மறைமுக முதலாளிகள் சிஐஏவும் ஜெர்மன் வெளியுளவுத் துறையும் என்பது 2020 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. கருவிகளில் ஓட்டை வைத்தே விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களில் இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், துருக்கி போன்ற நேட்டோ கூட்டாளிகளும் உண்டு. தங்கள் கூட்டாளிகளையே இப்படி ஒட்டுக்கேட்பது ஜெர்மானியர்களுக்குச் சங்கடமாக இருந்ததாம், அமெரிக்கர்களுக்கு இல்லையாம். சங்கடப்பட்டவர்கள் 1993இல்தான் தங்கள் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார்கள். 23 ஆண்டு நீடித்த சங்கடம்!

விவகாரம் வெளியே வந்த பிறகு யார் எவ்வளவு கோபப்படுகிறார்கள் என்பதையும் கவனித்துவந்திருக்கிறேன். அது காயத்தின் ஆழத்தைப் பொறுத்ததாகத் தெரியவில்லை, கோபப்படக் கட்டுப்படியாகுமா என்பதைப் பொறுத்ததாகவே தெரிகிறது. பிரேசில் அதிபர் தில்மா ரூசெஃப் தன் தகவல் தொடர்புகளும் பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனமும் வேவு பார்க்கப்பட்டது தெரிந்ததும், 2013 அக்டோபரில் வாஷிங்டன் போவதாக இருந்த அரசுமுறைப் பயணத்தையே நிறுத்திவைத்தார். ஐநா பொதுச்சபையில் அமெரிக்காவைக் கிழிகிழியென்று கிழித்தார். அந்த டிசம்பரில் பிரேசில் 36 போர் விமானங்களுக்கான பேரத்தில் அமெரிக்க நிறுவனத்தை விட்டுவிட்டு ஸ்வீடனின் கிரிப்பனைத் தேர்ந்தெடுத்தது. விலை, தொழில்நுட்பப் பகிர்வு என்று அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, இருந்தாலும் அந்த நேரத்தில் அமெரிக்க நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாக இருக்க நான் ஆசைப்பட்டிருக்க மாட்டேன். இந்தோனேசியா, அதிபர் யுதோயோனோவின் கைபேசியோடு அவர் மனைவியின் கைபேசியையும் ஆஸ்திரேலியா 2009இல் குறிவைத்தது தெரிந்ததும், தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆள்கடத்தலைத் தடுப்பதில் தந்துவந்த ஒத்துழைப்பையும் நிறுத்தியது. மனைவியின் கைபேசியில் எந்தத் தேசப் பாதுகாப்பைத் தேடினார்களோ!

தென்கொரியா அப்படிச் செய்யவில்லை. 2023 ஏப்ரலில் இணையத்தில் கசிந்த அமெரிக்க ஆவணங்களில், உக்ரைனுக்குப் பீரங்கிக் குண்டுகள் போய்ச்சேர வழிவிடலாமா என்று தென்கொரிய அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர்கள் தங்களுக்குள் பேசிய பேச்சு இருந்தது. ஆவணங்களில் பெரும்பகுதி திரிக்கப்பட்டது என்று சொல்லி சியோல் சமாளித்தது. அந்த மாதக் கடைசியிலேயே அதிபர் யூன் சுக் யோல் வெள்ளை மாளிகை விருந்தில் மேடையேறிப் பாட்டும் பாடினார். வடகொரியா பக்கத்தில் இருக்கும்போது, அமெரிக்கப் படைகள் மண்ணில் இருக்கும்போது, அவர் வேறு என்ன செய்வார்? விழுங்கினார். விழுங்கியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு "பெரிய உறவுகள் இதையெல்லாம் தாங்கும்" என்று எழுதுகிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல் வருகிறது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் பாதித்தது திமோர் விவகாரம். 1999இல், இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோர் எரிந்துகொண்டிருந்தபோது பன்னாட்டுப் படைக்குத் தலைமை தாங்கிப் போனது ஆஸ்திரேலியா. மக்கள் கைதட்டி வரவேற்றார்கள், அதில் பொய்யில்லை. 2002 மே 20 அன்று நாடு விடுதலை பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், கடல் எல்லை வழக்குகளில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது. பிறக்கப்போகும் நாடு நீதிமன்றம் போக முடியாதபடி கதவை முன்கூட்டியே சாத்திவிட்டார்கள். கடலுக்கு அடியில் கிரேட்டர் சன்ரைஸ் என்ற எரிவாயு வயல். திமோரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். இரண்டு கரைக்கும் நடுவே கோடு கிழித்தால் பெரும்பகுதி யார் பக்கம் விழும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம்.

2004இல் பேச்சு நடந்தது. அப்போது ஆஸ்திரேலியா தன் உதவித் திட்டத்தின் கீழ் திமோரின் தலைநகர் திலியில் அரசுக் கட்டடத்தைப் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் புதுப்பிப்பைப் போர்வையாக்கிக்கொண்டு ஆஸ்திரேலிய வெளியுளவு அமைப்பு அமைச்சரவை அறைகளில் ஒட்டுக்கேட்புக் கருவிகளைப் பதித்தது என்பதுதான் பின்னால் வெளிவந்த குற்றச்சாட்டு. மேசையில் எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு, "சற்று நேரம் கொடுங்கள், எங்களுக்குள் கலந்துகொள்கிறோம்" என்று சொல்லும் ஒரு தரப்பை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். கதவு சாத்திய பிறகுதான் அவர்கள் முகத்தில் உண்மையான களைப்பு தெரியும். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், பணம் எப்போது வேண்டும், மக்களிடம் என்ன சொல்வது என்று அப்போதுதான் மனம் திறப்பார்கள். திமோர் அமைச்சர்கள் அப்படி மனம் திறந்த அறையின் சுவரை நண்பன் பூசிக்கொடுத்திருந்தான். நாடு பிறந்து இரண்டு ஆண்டு. பள்ளிக்கூடம் கட்டக் காசில்லாத அரசு.

2006 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எரிவாயு வருமானம் பாதிப் பாதி. கடல் எல்லைப் பேச்சை 50 ஆண்டு எடுக்கக் கூடாது.

பேச்சு நடந்த அதே 2004இல், செப்டம்பர் 9 அன்று இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆஸ்திரேலியத் தூதரகத்தின் முன்னாலேயே குண்டு வெடித்தது. பக்கத்து நாட்டில் உண்மையான ஆபத்து இருந்த ஆண்டில், திறமையுள்ள ஆட்களை எரிவாயுப் பங்குக்காகத் திலிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நண்பனை உளவு பார்ப்பது தேசப் பாதுகாப்புக்கு என்கிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த விவகாரத்தில் ஒரு நல்லது நடந்தது, திமோர் விழுங்கவில்லை. ஏமாற்றிப் பெற்ற ஒப்பந்தம் செல்லாது என்று 2013இல் ஹேக் நகரத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அந்த டிசம்பரில் அதன் வழக்கறிஞர் பெர்னார்ட் கொலரியின் கான்பரா அலுவலகத்தில் ஆஸ்திரேலிய அதிகாரிகள் புகுந்து ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் அப்போது வழக்குக்காக நெதர்லாந்தில் இருந்தார். 2014 மார்ச்சில் சர்வதேச நீதிமன்றம் ஆவணங்களை முத்திரையிட்டு வைக்கச் சொன்னது, வழக்கறிஞருக்கும் திமோருக்கும் இடையிலான பேச்சில் தலையிடக் கூடாது என்றது. கடைசியில் கட்டாயச் சமரசப் பேச்சு நடந்து, பழைய ஒப்பந்தம் ரத்தாகி, 2018 மார்ச்சில் புது ஒப்பந்தம் வந்தது. குழாய் எந்தக் கரைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து திமோருக்கு இனி 70 அல்லது 80 சதவீதம். ஒட்டுக்கேட்டுச் சம்பாதித்த பாதிப் பங்கும் போயிற்று, பேரும் போயிற்று.

இனி எப்படி நடக்க வேண்டும் என்றால், எழுதிவைக்கப்பட்ட சில விதிகள் இருக்கத்தான் செய்கின்றன. 2014 ஜனவரியில் ஒபாமா வெளியிட்ட உத்தரவோடு, நெருங்கிய நண்பர்களான தலைவர்களின் பேச்சைத் தக்க பாதுகாப்புக் காரணம் இல்லாமல் ஒட்டுக்கேட்க மாட்டோம் என்ற வாக்குறுதியும் வந்தது. அமெரிக்க நிறுவனங்களுக்கு வணிக ஆதாயம் தேடித்தர உளவுத் தகவலைத் திரட்டக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. படித்தபோது நல்லதாகத்தான் இருந்தது. திமோர் போன்ற வழக்கு அதில் எங்கே பிடிபடும் என்று தேடினேன். நிறுவனத்துக்காக ஒட்டுக்கேட்டால் தவறு, அரசே அரசுக்காக உடன்படிக்கைப் பேரத்தில் ஒட்டுக்கேட்டால்? அந்த இடத்தில் உத்தரவு மௌனம் சாதித்தது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை ஒட்டுக்கேட்கும்போதும் ஜெர்மன் அரசு அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டதே என்று 2020 மே 19 அன்று தீர்ப்பளித்தது. நட்பு, பகை என்று பிரித்துக்கொண்டிராமல் எதிரே இருப்பவன் மனிதன் என்பதிலிருந்து தொடங்கிய அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்தது.

எனக்கு வேண்டியது இதைவிடச் சாதாரணமானது. கூட்டாளியை ஒட்டுக்கேட்க வேண்டும் என்றால் ஓர் அமைச்சர் தன் பெயரில், காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். காரணம் பேரம் என்றால் கோப்பு அங்கேயே நிற்க வேண்டும். குறித்த காலம் முடிந்ததும் அது தானாகக் காலாவதியாக வேண்டும், அப்போதுதான் 2002இல் ஏறிய எண் பத்து ஆண்டு தூங்காது. வேலையைச் செய்யச் சொல்லப்பட்டவருக்கு இது தப்பு என்று தோன்றினால், அதைச் சொல்ல ஓர் இடமும் வேண்டும்.

கடைசியாகச் சொன்னது ஆஸ்திரேலியாவில் காகிதத்தில் இருந்தது. திலி வேலையில் பங்கெடுத்த உளவு அதிகாரி, 'சாட்சி கே' என்று மட்டுமே அறியப்பட்டவர், பத்திரிகைக்கு ஓடவில்லை. முறைப்படி உளவு அமைப்புகளின் கண்காணிப்பு அதிகாரியிடம் முறையிட்டார். அனுமதி பெற்றுத்தான் வழக்கறிஞர் கொலரியைச் சந்தித்தார். அவர் ஹேக்கில் போய்ச் சாட்சி சொல்ல முடியாதபடி பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள். 2018இல் இருவர்மீதும் வழக்குப் போட்டார்கள், பெரும்பகுதி மூடிய கதவுக்குள் நடந்தது. 2021 ஜூனில் அந்த அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று மாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார். கொலரிமீதான வழக்கை 2022 ஜூலையில் புதிய அரசு கைவிட்டது. திலியில் கருவி பதிக்க உத்தரவிட்டவர் எவர்மீதும் இதுவரை வழக்கு இல்லை.